உத்தரவாதக் காலத்தில் எஞ்சினின் மென்பொருளைப் புதுப்பிக்கலாமா?

இரும்பும் நீராவியும் உலகை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஒரு யந்திரத்தின் குணமும் குற்றமும் அதன் உறுப்புக்களிலேயே அடங்கியிருந்தன. பல்சக்கரம் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். திருகு தளர்ந்தால் கைக்குத் தெரியும். இன்றோ, மோட்டார் ஸைக்கிள் ஒன்றை விலைகொடுத்து வாங்குவோர் எஃகையும் அலுமினியத்தையும் ரப்பரையும் வாங்குவதோடு, கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத கட்டளைத் தொகுதி ஒன்றையும் உடன் வாங்குகின்றனர். மென்பொருள் என்று இக்காலத்தார் வழங்கும் அத்தொகுதியே எஞ்சினுக்கு எப்பொழுது எவ்வளவு பெட்ரோல் கொடுப்பது, எக்கணத்தில் தீப்பொறி எழுப்புவது என்பவற்றைத் தீர்மானிக்கின்றது. அதனைத் திருத்தவும் புதுப்பிக்கவும் இயலும். இயலும் என்பதனாலேயே, செய்யலாமா கூடாதா என்னும் வினா எழுகின்றது. அதிலும், கம்பெனியார் கொடுத்த உத்தரவாதம் முடிவடையாத காலத்தில் அதைத் தொடலாமா என்பது வண்டியுடையார் பலரை மயங்கவைக்கும் வினாவாகும். அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சி வீண் என்று கருதற்க. நம் மாணவருள் மோட்டார் ஸைக்கிளில் வருவோர் பலர். அவற்றுட் பெரும்பாலன பெற்றோர் தவணை முறையில் கடன் பட்டு வாங்கிக் கொடுத்தவை. ஆசிரியரும் பழைய மாணவரும் தத்தம் ஊதியத்தைச் சேர்த்து வாங்கியவையும் உண்டு. எஞ்சின் பழுதுற்றால் அதனைச் செம்மை செய்யும் செலவு ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கவல்லது. அச்செலவினின்றும் நம்மைக் காப்பது கம்பெனியாரின் உத்தரவாதமொன்றே. அதன் காலம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஆயினும் காலத்தோடு கிலோமீட்டர்க் கணக்கும் சேர்த்தே எல்லை வகுப்பது வழக்கம். ஒரு மாலைப் பொழுதில் செய்யும் சிறு மாற்றத்தால் அப்பாதுகாப்பை இழக்க நேரின், பின்னர் வருந்திப் பயனில்லை.

முதலில் மென்பொருள் செய்யும் தொழில் இன்னதென அறிதல் வேண்டும். பழைய வண்டிகளில் கார்புரேட்டர் என்னும் கருவி இருந்தது. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது, குறுகிய வழியில் விரைந்தோடும் அக்காற்றின் அழுத்தம் குறைய, சிறு துளை வழியே பெட்ரோல் மேலெழுந்து அதனோடு கலக்கும். அத்துளைக்கு ஜெட் என்று பெயர். கலவை மிகுந்தால் சிறிய ஜெட்டும், குறைந்தால் பெரிய ஜெட்டும் பொருத்துவது மெக்கானிக்கின் கைத்திறமையாயிருந்தது. மலையில் ஏறினும், பனிக்காலம் வரினும், கார்புரேட்டர் அவற்றை அறிந்து தன்னை முற்றும் மாற்றிக்கொள்ளாது. அதன் எளிமையே அதன் அழகு. அதன் குறையும் அதுவே.

இக்காலத்து வண்டிகளில் அதனிடத்தே இன்ஜெக்டர் என்னும் நுண்ணிய குழல் அமைந்துள்ளது. மின்சாரத்தால் திறந்து மூடும் அக்குழல், அழுத்தத்திலிருக்கும் பெட்ரோலை அளந்து தூவுகின்றது. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது இ.சி.யு. எனப்படும் சிறு கணிப்பொறி. அதற்குக் கண்ணும் காதும் போன்றவை சென்ஸர்கள். சுழல்தண்டின் நிலையை ஒன்று சொல்லும். ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திருகப்பட்டதென்பதை மற்றொன்று சொல்லும். உட்புகும் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும், எஞ்சினின் சூட்டையும் வேறு சில சொல்லும். புகைக்குழாயில் எஞ்சியுள்ள பிராணவாயுவின் அளவை ஆக்ஸிஜன் சென்ஸர் சொல்லும். இவற்றையெல்லாம் கேட்டு, தன் ஞாபகத்தில் எழுதி வைத்துள்ள அட்டவணைகளைப் பார்த்து, இ.சி.யு. விடை கூறுகின்றது. இவ்வட்டவணைகளையே மேப் என்பர். நிமிஷத்துக்கு 6000 முறை சுழலும் நான்கடி எஞ்சினில், ஒவ்வொரு ஸிலிண்டரிலும் வினாடிக்கு 50 முறை பெட்ரோல் தூவித் தீப்பொறி எழுப்ப வேண்டும். அத்தனை முறையும் அட்டவணையே வழிகாட்டியாக நிற்கின்றது.

அவ்வட்டவணையை எழுதுவோர் மூன்று எஜமானர்களுக்கு ஒருங்கே ஊழியம் செய்ய வேண்டியவராயுள்ளனர். முதலாவது எஜமானர் ஓட்டுபவர். அவர் வேகமும் வலிமையும் வேண்டுவார். இரண்டாவது எஞ்சின், அது தன் பிஸ்டனும் வால்வும் உருகாமற் காக்கப்பட வேண்டுமென்று வேண்டும். மூன்றாவது அரசாங்கம், அது யாவரும் சுவாசிக்கும் காற்று கெடாதிருக்க வேண்டுமென்று விதிக்கும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மிகுந்த வலிமை கிட்டுவதோ 12.5 முதல் 13 பங்கு காற்றளவில், அஃதாவது பெட்ரோல் சற்று மிகுந்த கலவையில். ஆனால் புகைக்குழாயிலுள்ள காடலிட்டிக் கன்வெர்ட்டர் நச்சு வாயுக்களை நன்கு மாற்றுவதற்கு 14.7 என்னும் அளவைச் சுற்றியே கலவை நிற்க வேண்டும். ஆகவே மெதுவாகவும் நடுத்தர வேகத்திலும் செல்லும்போது அட்டவணை சிக்கனமாகப் பெட்ரோல் கொடுக்கின்றது. புது வண்டி தாழ்ந்த வேகத்தில் சிறிது துள்ளுகின்றது, அதிகம் சூடாகின்றது என்று சிலர் குறை கூறுவதற்கு ஒரு காரணம் இங்கே உள்ளது.

இம்முறை மோட்டார் ஸைக்கிளுக்கு வந்த வரலாறும் சுவையுடையது. கவாஸாக்கி கம்பெனியார் 1980இல் தங்கள் இஸட் 1000 வகை வண்டியொன்றிலும், பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1983இல் கே 100 வண்டியிலும் மின்சார இன்ஜெக்ஷனை அமைத்தனர். நம் நாட்டில் ஹீரோ ஹோண்டா கம்பெனியாரின் கிளாமர் வண்டி 2006இல் இம்முறையோடு விற்பனைக்கு வந்தது. ஆயினும் நெடுங்காலம் கார்புரேட்டரே இங்குப் பெருவழக்காயிருந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது நிலைமை மாறியது. கிலோமீட்டர் ஒன்றுக்குக் கார்பன் மோனாக்ஸைடு 1 கிராமுக்கும், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் 0.06 கிராமுக்கும் மேற்படலாகாது என்று அவ்விதி கூறுகின்றது. கார்புரேட்டரின் கைக்கு இத்தகைய நுண்மை எளிதில் எட்டுவதன்று. இவ்வாறு, நூறு ஸி.ஸி. வண்டியிலும் கணிப்பொறி குடியேறியது. மென்பொருளைப் பற்றிய வினாவும் செல்வர் வீட்டிலிருந்து சாமானியர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நிற்க. கம்பெனியார் விற்ற பொருளில் மென்பொருளைப் பின்னர் மாற்ற வேண்டிய அவசியம் யாதென ஒருவர் வினவலாம். காரணங்கள் பல. ஆயிரக்கணக்கான வண்டிகள் பலவகைச் சாலைகளில் ஓடிய பின்னரே சில குறைகள் வெளிப்படும். குளிர்ந்த காலையில் எஞ்சின் நின்றுவிடுதல், நெரிசலில் மெதுவாக ஊரும்போது திடீரென அணைதல், குறையில்லாத சென்ஸரைக் குறையுள்ளதெனக் கருதி எச்சரிக்கை விளக்கை ஏற்றுதல் போன்றவை அவ்வகையின. எரிபொருளும் மாறுகின்றது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு ஆண்டுதோறும் உயர்ந்து, 2025இல் நூற்றுக்கு 20 என்னும் இலக்கை எட்டியது. எத்தனால் முழுதும் எரிய ஏறத்தாழ 9 பங்கு காற்றே போதும். ஆதலின் 20 சதவிகிதக் கலப்புள்ள பெட்ரோலுக்கு வேண்டிய காற்று 13.5 பங்கு அளவுக்கு இறங்கிவிடுகின்றது. ஆக்ஸிஜன் சென்ஸர் இவ்வேறுபாட்டைக் கண்டு, ஓர் எல்லைக்குள் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். அவ்வெல்லையைக் கடந்த இடத்தில் அட்டவணையே திருந்த வேண்டும். ஆகவே புதுப்பித்தல் என்பது வீண் ஆடம்பரமென்று முற்றும் தள்ளத்தக்கதன்று.

இனி, மென்பொருளை மாற்றுதல் என்னும் ஒரே சொல்லின்கீழ் இரு வேறு செயல்கள் அடங்கியுள்ளமையைப் பகுத்தறிதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே குழப்பங்கள் நேர்கின்றன. முதலாவது, வண்டியைச் செய்த கம்பெனியாரே திருத்தி, தம் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் வாயிலாக ஏற்றும் புதுப்பதிப்பு. இரண்டாவது, கம்பெனிக்குப் புறம்பான டியூனிங் கடைக்காரர் அட்டவணையை மாற்றி எழுதும் ரீமேப். முன்னையது மருத்துவர் தம் மருந்துச் சீட்டைத் தாமே திருத்துவதை ஒக்கும். பின்னையது வேறொருவர் அச்சீட்டில் அடித்தெழுதுவதை ஒக்கும். அடித்தெழுதியவர் அறிவாளியாகவும் இருக்கலாம். ஆனால் நோயாளிக்குத் தீங்கு வந்தால் முதல் மருத்துவரைப் பொறுப்பாளியாக்குதல் அரிது.

முன்னையதை முதலில் நோக்குவோம். கம்பெனியாரின் புதுப்பதிப்பை ஏற்பதால் உத்தரவாதம் கெடுவதில்லை. அது உத்தரவாதத்தின் ஓர் அங்கமாகவே செய்யப்படுவது. பாதுகாப்பைப் பற்றிய குறையாயின் அதனை மறுப்பது பெருந்தவறு. லாரிக்கு முன்னால் எஞ்சின் அணையும் வண்டியில், உத்தரவாதத்தைக் காட்டிலும் விலையுயர்ந்த பொருள் ஒன்று பணயமாய் நிற்கின்றது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செம்மை செய்யுமாறு கம்பெனியாரைப் பணிக்கும் அதிகாரத்தை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 110-ஏ பிரிவு மத்திய அரசுக்கு அளித்துள்ளது. அத்தகைய அழைப்பு வந்தால் காலம் தாழ்த்தாது செல்லுதல் வேண்டும்.

எனினும், கம்பெனியார் தருவதனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டுமோ எனின், அதுவும் நாம் கூறுவதன்று. மென்பொருள் எழுதுவோர் தவறுவதுண்டு. வேண்டுமென்றே ஏமாற்றியதும் உண்டு. ஜெர்மனி தேசத்து வோல்க்ஸ்வேகன் கம்பெனியார், பரிசோதனைச்சாலையில் மட்டும் புகையைக் குறைத்து, சாலையில் அதனை மிகுதியாக வெளிவிடும் மென்பொருளைத் தம் டீஸல் மோட்டார் வண்டிகளில் புகுத்தியிருந்தமை 2015இல் வெளியாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அம்மென்பொருள் இருந்தது. பெரிய பெயரைக் கண்டு விசாரணையைக் கைவிடலாகாதென்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. சில புதுப்பதிப்புக்கள் ஒரு குறையை நீக்கும்போது வண்டியின் இயல்பையும் சிறிது மாற்றக்கூடும். திருகியவுடன் பாய்ந்த வண்டி சற்று நிதானமாகலாம். மைலேஜ் கூடவோ குறையவோ செய்யலாம். ஆதலின் ஏற்குமுன் கேட்பது வண்டியுடையாரின் உரிமையாகும்.

என்ன கேட்பது? இப்புதுப்பதிப்பு எக்குறையை நீக்க வந்தது என்று முதலிற் கேட்க வேண்டும். பாதுகாப்பைப் பற்றியதா, புகை அளவைப் பற்றியதா, வெறும் சௌகரியத்தைப் பற்றியதா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பழைய பதிப்பின் எண்ணையும் புதிய பதிப்பின் எண்ணையும் ஜாப் கார்டில் எழுதி, தேதியும் முத்திரையும் இட்டுத் தருமாறு கோர வேண்டும். பிற்காலத்தில் எஞ்சினுக்கு ஏதேனும் நேரின், யார் எப்பொழுது எதை மாற்றினர் என்பதற்கு அத்தாளே சாட்சி. மென்பொருள் ஏற்றும்போது பாட்டரியின் வோல்ட்டேஜ் குறைந்தாலும் இணைப்பு இடையே அறுந்தாலும் இ.சி.யு. பாதி எழுதிய ஏடுபோல நின்றுவிடக்கூடும். ஆதலின் பாட்டரியோடு சார்ஜர் இணைத்துச் செய்கின்றனரா என்று பார்த்துக்கொள்வது நலம். அங்கீகாரம் பெற்ற இடத்தில் இவ்விபத்து நேர்ந்தால் பொறுப்பு அவர்களுடையது; வீட்டு முற்றத்தில் நாமே செய்து நேர்ந்தால் பொறுப்பு நம்முடையது. ஏற்றிய பின்னர் சில நாட்கள் எஞ்சினின் ஓட்டத்தையும் பெட்ரோல் செலவையும் கவனித்து, மாறுபாடு கண்டால் உடனே எழுத்தில் தெரிவித்தலும் தக்கது.

இனி ரீமேப்பைப் பற்றி ஆராய்வோம். டியூனிங் கடைக்காரர் வண்டியின் பரிசோதனை இணைப்பில் தம் கருவியைப் பொருத்தி, இ.சி.யு.விலுள்ள அட்டவணையைப் படித்து, மாற்றி, மீண்டும் எழுதுகின்றனர். வேறு சிலர் இ.சி.யு.வைத் தொடாது, சென்ஸருக்கும் அதற்கும் இடையே ஒரு சிறு பெட்டியைப் பொருத்திப் பொய்ச் செய்தி அனுப்பச் செய்கின்றனர். பெட்ரோலைக் கூட்டுதல், தீப்பொறியை முன்னதாக எழுப்புதல், சுழற்சியின் உச்ச எல்லையை உயர்த்துதல் என்பன இவர்களுடைய பிரதான முறைகள். தேர்ந்த கைகளில் இவை பயனற்றவை என்று கூறமாட்டோம். பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிக்கு இக்கலை இன்றியமையாதது. தாழ்ந்த வேகத்தில் துள்ளும் எஞ்சினைச் சாந்தப்படுத்துவதிலும் இது வெற்றி பெறுவதுண்டு. ஆயினும், டர்போ இல்லாது காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் சிறு எஞ்சினில், மென்பொருளால் மட்டும் பெறக்கூடிய கூடுதல் வலிமை சிறிதேயாம். விளம்பரம் சொல்லும் அளவும் சாலை காட்டும் அளவும் பெரிதும் ஒவ்வா.

தீங்குகளோ பெரியவை. தீப்பொறி மிக முந்தினால், ஸிலிண்டரில் எரியாதிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காது தானே வெடிக்கும். நாக்கிங் என்று சொல்லப்படும் அவ்வெடிப்பு பிஸ்டனின் தலையில் சம்மட்டி அடிபோல விழுந்து நாளடைவில் அதனைச் சிதைக்கும். பெட்ரோல் மிகுந்தால் எரியாத பகுதி புகைக்குழாய்க்குச் சென்று காடலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து, அதனை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுக்கும். பெட்ரோல் குறைந்தாலோ வால்வும் பிஸ்டனும் வெப்பத்தால் நலிவுறும். சுழற்சி எல்லையை உயர்த்தினால், வால்வுகளை மூடும் ஸ்பிரிங்குகள் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமற்போம். அப்போது வால்வு மூடுமுன்னரே பிஸ்டன் வந்து மோதுதலும் கூடும். இவற்றுள் எதுவும் மாற்றிய அன்றே வெளிப்படவேண்டுமென்பதில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, உத்தரவாதத்தை நாடும் வேளையில் வெளிப்படும்.

அவ்வேளையில் சட்டம் யார் பக்கம் நிற்கும்? இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் நல்ல விளக்கமாகும். இரண்டும் ஹார்லி டேவிட்ஸன் கம்பெனியாரைப் பற்றியன. அக்கம்பெனியார் எஞ்சின் அட்டவணையை மாற்றும் ஸூப்பர் டியூனர் என்னும் கருவியைத் தாமே விற்றுவந்தனர். அதனைப் பொருத்திய வண்டிகள், அரசாங்கத்தாரிடம் சான்று பெற்ற அளவினும் மிகுதியாக ஹைட்ரோகார்பன்களையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் வெளிவிட்டன என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் குற்றஞ்சாட்டினர். 2008 முதல் ஏறத்தாழ 3,40,000 கருவிகள் விற்கப்பட்டிருந்தன. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கம்பெனியார் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும், அக்கருவிகளின் விற்பனையை நிறுத்தவும் ஒப்பினர். தூய காற்றுச் சட்டத்தின்முன், கருவியைச் செய்தவர் வண்டியைச் செய்த கம்பெனியாரே என்பதும் அவர்களைக் காக்கவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு மறுபுறம். அந்நாட்டில் 1975 முதல் மாக்னஸன் மாஸ் உத்தரவாதச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தம் பெயர் பொறித்த உறுப்புக்களையே வாங்கவேண்டும், தம் கடையிலேயே சர்வீஸ் செய்யவேண்டும் என்னும் நிபந்தனையின்மேல் உத்தரவாதத்தைக் கட்டலாகாது. அவ்வுறுப்பையும் சர்வீஸையும் இலவசமாகத் தந்தாலன்றி அந்நிபந்தனை செல்லாது என்பது அதன் பொதுநோக்கம். இதற்கு மாறாக, பிறர் செய்த உறுப்புக்களைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் அற்றுப்போம் என்னும் பொருள்பட ஹார்லி கம்பெனியார் எழுதியிருந்தமையால், 2022ஆம் ஆண்டு ஜூனில் அந்நாட்டு வாணிகக் கமிஷனார் அவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தனர். பிறர் உறுப்பும் பிறர் சர்வீஸும் உத்தரவாதத்தை அழியா என்று வாங்குவோர்க்குத் தெளிவாகத் தெரிவிக்குமாறும் கட்டளை பிறந்தது.

இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவோர்க்கு உண்மை புலனாகும். கம்பெனியார் தம் வாணிகத்தைக் காக்க வாங்குவோரை அச்சுறுத்துதல் தவறு. வாங்குவோர் தம் விருப்பத்துக்காகப் பொதுக் காற்றைக் கெடுத்தலும் தவறு. வேறு கம்பெனியின் பிரேக் ஷூவை மாட்டியதற்காக எஞ்சினின் உத்தரவாதத்தை மறுப்பது அநியாயம். தீப்பொறியின் அட்டவணையை மாற்றியபின் பிஸ்டன் உடைந்தால், அதற்கு விலை கேட்பதும் அநியாயமே.

நம் நாட்டில் மாக்னஸன் மாஸ் சட்டம் போன்ற தனிச்சட்டம் இல்லை. உத்தரவாதம் என்பது வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையேயுள்ள உடன்படிக்கை. அதன் வாசகமே முதற்பிரமாணம். அங்கீகாரமற்ற மாற்றம் செய்தால் உத்தரவாதம் செல்லாது என்னும் வாசகத்தை அச்சிறு புத்தகத்தில் பெரும்பாலும் காணலாம். நியாயமற்ற முறையில் மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் கமிஷனில் முறையிடலாம். ஆயினும் அச்சட்டத்தின் 87ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த காலத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் பொருட்பொறுப்பு வழக்கை விற்பவர்மீது தொடுக்க இயலாதென்கின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் கம்பெனியார் வகுத்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாதென்கின்றது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாமென்பது 182-ஏ பிரிவு. எஞ்சினின் வலிமையையும் புகையையும் மாற்றும் ரீமேப் இவ்விதிகளின் எல்லைக்குள் வந்து விழக்கூடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியாரிடம் தெரிவிக்காத மாற்றம், விபத்துக் காலத்தில் அவர்கள் கையில் ஓர் ஆயுதமாதலும் உண்டு.

சிலர் வேறு சமாதானம் கூறுவர். சர்வீஸுக்கு விடுமுன் பழைய அட்டவணையை மீண்டும் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். இ.சி.யு. ஊமையன்று. எத்தனை முறை எழுதப்பட்டதென்பதைக் கணக்கிட்டு வைக்கும் இ.சி.யு.க்கள் உண்டு. மென்பொருளின் அடையாள எண்ணையும், அது சிதையாதுள்ளதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணையும் பரிசோதனைக் கருவிக்குச் சொல்லுவன உண்டு. கணிப்பொறி மறந்தாலும் உலோகம் மறவாது. நாக்கிங்கால் குழிந்த பிஸ்டனைக் கண்ட பொறியியலார் காரணத்தை ஊகித்தல் கடினமன்று. கண்டுபிடிக்கப்படாமலே போயினும், செய்த மாற்றத்தை மறைத்து உத்தரவாதப் பணம் பெறுவது களவின் பாற்பட்டதே. கல்வி கற்றோர் அதனைச் சாமர்த்தியமென்று பெயரிட்டு அழைத்தல் தகாது.

வேறு சிலர், புகைச் சான்று பெற்றுவிட்டோமே, காற்றைக் கெடுத்தோம் என்பது எங்ஙனம் எனக் கேட்பர். பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சான்று வழங்குவோர், வண்டி நின்ற நிலையில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பன்களையுமே அளக்கின்றனர். சாலையில் பாரம் ஏற்று விரையும் எஞ்சினின் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அச்சோதனை காணாது. ஆகவே அச்சான்று இவ்வழக்கில் சாட்சியாகாது.

என் வண்டி, என் பணம், என் விருப்பம் என்பாரும் உளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. விலைகொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும், செம்மை செய்யவும், தாம் விரும்பிய மெக்கானிக்கிடம் கொடுக்கவும் உடையவர்க்கு உரிமை இருத்தல் வேண்டுமென்னும் கொள்கையை நாமும் ஆதரிக்கின்றோம். மென்பொருளைப் பூட்டி வைத்துக்கொண்டு, சிறு பழுதுக்கும் தம் வாசலிலேயே வந்து நிற்கச் செய்யும் கம்பெனியாரின் போக்கு கண்டிக்கத்தக்கது. ஆனால் செம்மை செய்யும் உரிமை வேறு. ஒருவர் மாற்றியதற்கு மற்றொருவரை ஜவாப்தாரியாக்கும் உரிமை வேறு. முன்னையதை வேண்டுவோர் பின்னையதை விட்டுக்கொடுத்தலே நேர்மை.

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபு இதுவாகும். உத்தரவாதக் காலத்தில் கம்பெனியார் தரும் புதுப்பதிப்பு பாதுகாப்பைப் பற்றியதாயின் உடனே ஏற்க. புகை அளவையோ வெளிப்பட்ட குறையையோ பற்றியதாயின் விவரம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு ஏற்க. வெறும் சௌகரியத்தைப் பற்றியதாய், வண்டியும் குறையின்றி ஓடுவதாயின், அடுத்த சர்வீஸ் வரை பொறுத்து, ஏற்றுக்கொண்டோர் அனுபவத்தைக் கேட்டறிந்து முடிவு செய்க. புறம்பானவர் செய்யும் ரீமேப்பை உத்தரவாதக் காலத்தில் அணுகாதிருத்தலே அறிவுடைமை. வண்டி துள்ளுகின்றது, சூடாகின்றது என்னும் குறையிருப்பின், அதனை எழுத்து மூலம் சர்வீஸ் சென்டரில் தெரிவிக்க. ஒரு முறைக்கு மூன்று முறை தெரிவிக்க. குறையைக் கம்பெனியாரே தீர்க்கவேண்டிய கடமை நிலைத்திருக்கும் காலத்தில், நாம் பணம் செலவிட்டு அக்கடமையினின்றும் அவர்களை விடுவிப்பானேன்?

உத்தரவாதம் முடிந்த பின்னரும் சட்டமும் காற்றும் முடிந்துவிடுவதில்லை. வேகத்தில் ஆசையுள்ளோர் பந்தயத் தளத்துக்கென வேறு வண்டி வைத்துக்கொள்ளட்டும். அங்கு அட்டவணையை எவ்வாறாயினும் எழுதிப் பார்க்கட்டும். பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் பின்னே ஸைக்கிளில் வரும் பள்ளிச் சிறுவனும் மூச்சு விடுகின்றான். பௌதிகமும் ரஸாயனமும் கற்கும் நம் மாணவர், தம் வண்டியின் இ.சி.யு.வை அஞ்சத்தக்க மாயப்பெட்டியாகவோ, விருப்பம்போல் திருகிப் பார்க்கும் விளையாட்டுப் பொருளாகவோ கருதாது, அதன் தொழிலை நன்கறிந்து, ஜாப் கார்டையும் உத்தரவாதப் புத்தகத்தையும் ஒருமுறையேனும் முழுதும் வாசித்து நடந்துகொள்வாராக.